மூன்றாம் வரிசையிலிருந்து ஒரு சம்மதம்

போன சனிக்கிழமை என் காரின் முன் இருக்கையில் ஒரு பொய்முடி சீற்பெல்ற் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது. சாதாரண முடி இல்லை. தோள் தாண்டி, முழங்கை வரை சுருள் சுருளாகத் தொங்குகிற, அந்தக் காலத்து வெள்ளைக்காரக் கனவான்கள் அணிந்த முடி. பிளாஸ்ரிக் தலை ஒன்றில் அதை மாட்டி, முன் இருக்கையை அதற்குக் கொடுத்துவிட்டு, என் மகள் பின்னால் ஏறியிருந்தாள். பல்கலைக்கழக நாடகக் குழுவில் உடைகளுக்கு அவள்தான் பொறுப்பு. ஸ்ரீல்ஸ் வீதியில் சிவப்பு விளக்கில் நின்றபோது என் கை என்னைக் கேளாமலே ஒரு சுருளைத் தொடப் போனது.

“அப்பா, டோன்ட் டச் இற்! சுருட்டி எடுக்க ரூ அவர்ஸ் போனது.”

“என்ன நாடகம்?”

“உங்களுக்குத் தெரியாது. றெஸ்ரொறேஷன் கொமெடி. லைக், வெரி ஓல்ட்.”

“நான் அதிலை நடிச்சிருக்கிறன்.”

அவள் பின்னாலிருந்து முன்னுக்குக் குனிந்தாள். பிறகு மெதுவாக, “யூ? என்ன வேசம்?”

“வேலைக்காரி.”

விளக்கு பச்சையாகி, நான் காரை எடுத்து, கெனடி வீதி தாண்டும்வரை அவள் சிரித்து முடிக்கவில்லை. சிரிக்கட்டும். பெற்ற பிள்ளையைச் சிரிக்க வைக்கக் கிடைக்கிற சந்தர்ப்பம் இந்த வயதில் எனக்கு அடிக்கடி வருவதில்லை.

அந்த முடியிலிருந்து முகப்பவுடரும் ஹெயர் ஸ்பிரேயும் யாரோ ஒருவருடைய பழைய வியர்வையும் கலந்த வாசனை வந்தது. அதே வாசனையை என் தலையில் சுமந்துகொண்டு ஒரு ஞாயிறு பின்னேரம் இருநூறு தமிழர் முன்னால் நான் நின்றிருக்கிறேன். அதைச் சொல்வதென்றால் உங்களை முதலில் சென் ஜேம்ஸ் ரவுணுக்குக் கூட்டிப் போகவேண்டும்.

அந்த நாளில் ரொறன்ரோவில் வந்திறங்கிய எங்களில் பாதிப்பேர் அந்த மாடிக்கட்டடங்களில்தான் இருந்தோம். லிஃப்ற்றில் கண்ணை மூடிக்கொண்டு போனாலும் எந்த மாடி என்று மூக்கு சொல்லும். ஆறில் கருவாடு. பதினொன்றில் பிலிப்பீன்காரர் வதக்கும் உள்ளி. பதினேழில் கதவு திறந்தால் பொரித்த மிளகாய், அதுதான் எங்கள் மாடி. ஒரு வீட்டில் நாங்கள் ஐந்து பெடியன்கள். நான் உணவகம் ஒன்றில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். எங்களுக்கு இரண்டு கதவு தள்ளி நடேசன் அண்ணையும் மனைவியும், அவருடைய தங்கை சுகந்தி அக்காவும்.

சுகந்தி அக்கா ஊரில் பல்கலைக்கழகத்தில் இரண்டு வருடம் ஆங்கில இலக்கியம் படித்தவர். மிச்சப் படிப்பைச் சண்டை விழுங்கிவிட்டது. இங்கே டோனற் கடையொன்றில் காலை வேலை. பக்கத்தில் வந்து நின்றால் எப்போதும் கறுவாவும் சீனியும் மணக்கும். எங்களுக்குப் பசி வந்ததற்கும் அவர்மீது மரியாதை வந்ததற்கும் அது ஒரு காரணமாக இருக்கலாம்.

எங்கள் கட்டடத்துக் கீழ்த்தளத்தில் உடுப்புத் தோய்க்கிற அறை. அங்கே ஒரு மேசை. வேண்டாத சாமான்களை அதில் வைத்துவிட்டுப் போவார்கள், வேண்டியவர் எடுக்கலாம். எங்கள் வீட்டு ரோஸ்ரரும் குளிர்ச் சப்பாத்துகளும் அந்த மேசை தந்தவைதான். ஒருநாள் சுகந்தி அக்கா அங்கிருந்து அட்டையும் முதல் பக்கங்களும் இல்லாத ஒரு தடித்த புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். பழைய ஆங்கில நகைச்சுவை நாடகங்கள். எழுதியது யார் என்பது கிழிந்த பக்கத்தோடு போய்விட்டது. நாங்களும் கேட்கவில்லை.

உடுப்புக் காயும்வரை அவர் எங்களுக்கு அந்தக் காலத்தைச் சொல்லுவார். இங்கிலாந்தில் உள்நாட்டுச் சண்டை. வென்றவர்கள் நாடகக் கொட்டகைகளை மூடிவிட்டார்கள், பதினெட்டு வருடம். அரசனுடைய மகன் பிரான்சுப் பக்கம் ஓடிவிட்டான். பிறகு காலம் மாறி, அவன் அரசனாகத் திரும்பி வந்தான். அந்த மீட்சிக்குத்தான் ‘றெஸ்ரொறேஷன்’ என்று பேராம்.

“அகதியாப் போன ராசா திரும்பி வந்து, வந்த கையோடை நாடகத்தைத் திறந்து விட்டவர்,” என்றார்.

“அவருக்குப் பிரான்சிலை கேஸ் சரிவந்ததோ, அக்கா?” என்று தேவன் கேட்டான். தேவன் என் அறைத் தோழன். எங்கள் எல்லோருடைய அகதிக் கேஸும் இழுபட்டுக்கொண்டிருந்த காலம் அது.

எங்களுக்கு அந்த நாடகங்கள் பிடித்துப்போனதற்கு இன்னொரு காரணம், அந்தக் கொட்டகைகளில் நடந்ததெல்லாம் எங்களுக்கு நன்றாகத் தெரிந்த விசயங்கள். சனம் பிந்தி வரும். நடிகர் பேசும்போது திருப்பிப் பேசும். இடையில் தோடம்பழம் விற்றுக்கொண்டு பெண்கள் போவார்கள். எங்களுக்கு அது ரோல்ஸும் பற்றீஸும். வெளிச்சம் மேடைக்கும் சபைக்கும் ஒன்றுதான், அதனால் மேடையைப் பார்க்க வந்தவர்களை விட ஆளை ஆள் பார்க்க வந்தவர்களே கூடுதல். நாடகத்தில் ஒரு பகட்டுக்காரர் வருவார், பிரான்சில் கொஞ்சநாள் இருந்துவிட்டு வந்து ‘பாரிசில் என்றால்’ என்று எல்லோரையும் வதைப்பவர். அந்த வேசத்துக்கு எங்கள் மாடியிலேயே ஆள் இருந்தார். கனடா அனுப்புகிறேன் என்று காசு வாங்கிய ஏஜென்சிக்காரன் பாரிசில் பதினொரு நாள் அறையொன்றில் பூட்டி வைத்திருந்த ஒரு அண்ணை. ஜன்னலால் பார்த்த பாரிசை அவர் ஆறு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்கு வசனம் பாடமாக்க வேண்டியே வரவில்லை.

சுகந்தி அக்கா ஒரு நாடகத்தை எங்கள் பேச்சில் எழுதினார். அவரே கதாநாயகி. தேவன் கதாநாயகன். வேலைக்காரி வேசத்துக்கு ஒரு பெண் வந்து இரண்டு ஒத்திகைக்கு நின்றாள். மூன்றாவது ஒத்திகைக்கு அவளுடைய தகப்பன் வந்து கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

“லண்டன்காரன் அந்தக் காலத்திலையே பொம்பிளையளை மேடையிலை ஏத்திப்போட்டான். நாங்கள் இன்னும் ஆம்பிளைக்குச் சீலை கட்டுறம்,” என்று சொல்லிக்கொண்டே சுகந்தி அக்கா எங்கள் ஐந்து பேரையும் வரிசையாகப் பார்த்தார். பார்வை என்னில் நின்றது. பதினேழு வயதிலிருந்து நான் ஆசையாக வளர்த்த மீசை அடுத்த நாள் போனது; பதிலுக்கு ஒரு நீலச் சீலையும் பொய்முடியும் வந்தன. உணவகத்தில் சமையல்காரர் என்னைப் பார்த்து, புது ஆளா என்று கேட்டார்.

எனக்குப் பாடமாக்க வராது. கோப்பை கழுவும்போது சொல்லிப் பார்த்தால் கழுவி முடிய வசனமும் கழுவப்பட்டுவிடும். அதனால் ஒரு வழி கண்டுபிடித்தேன். வேலைக்காரி எப்போதும் தேநீர்த் தட்டோடுதானே வருவாள்? வசனங்களைக் கொட்டை எழுத்தில் எழுதித் தட்டில் ஒட்டிவிட்டேன்.

இப்போது கலியாண விசயம். சுகந்தி அக்காவுக்கு அந்த வருடம் இங்கே பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருந்தது. புரட்டாதியில் தொடங்கவேண்டும், நாலு வருடம். வந்த கடிதத்தை அவர் மடித்துக் கைப்பையிலேயே வைத்திருந்தார். நடேசன் அண்ணைக்கோ அந்தக் கடிதத்தைக் காணவே பிடிக்காது. தங்கைக்கு இருபத்தெட்டு, படித்து முடிய முப்பத்திரண்டு, பிறகு யார் வருவார்கள் என்பது அவருடைய கணக்கு. அவர் கெட்டவரில்லை. பயந்தவர்.

பெண் பார்க்க வருகிறோம் என்று இரண்டு இடத்தில் கேட்டார்கள். சுகந்தி அக்கா படம்கூட அனுப்ப விடவில்லை. “என்னைக் கேளாமல் ஆரும் என்னைப் பாக்க வந்தா, அந்த இடத்தை நான் செய்யவே மாட்டன், அண்ணை. சொல்லிப்போட்டன்,” என்றார். இரண்டு கதவு தாண்டி எங்களுக்கும் கேட்டது.

எங்கள் ஆட்களுக்கு இதற்கு ஒரு வழி உண்டு. களவாகப் பார்ப்பது. கோயிலில், பிறந்தநாள் விழாவில், கலைவிழாவில் தற்செயலாக வந்தமாதிரி வந்து, பெண்ணைப் பார்த்துவிட்டு, அவளுக்குத் தெரியாமல் போய்விடுவார்கள். நாடகத்துக்கு முதல்நாள் நடேசன் அண்ணை என்னை லிஃப்ற்றடியில் பிடித்தார்.

“மூண்டாவது வரிசையிலை நாலு கதிரை பிடிச்சு வையும். ஆருக்கெண்டு கேளாதையும்.”

நான் கேட்டேன். அவரும் சொல்லிவிட்டார். மில்லிக்கனிலிருந்து ஒரு குடும்பம். பெடியன் பெயர் குகன், படித்தவன், நல்ல பிள்ளை, தாய் கொஞ்சம் கண்டிப்பு. தங்கச்சிக்குச் சொல்லக்கூடாது என்று சத்தியமும் வாங்கினார். சத்தியம் பண்ணிவிட்டு வீட்டுக்குப் போனேன். சுகந்தி அக்கா சுடச்சுட டோனற் கொண்டுவந்து தந்தார். அதைக் கடிக்காமல் தேவனிடம் நீட்டிவிட்டேன்.

ஸ்காபுறோவில் ஒரு பள்ளிக்கூட மண்டபம். நாலு கதிரைகளில் எங்கள் நாலு ஜாக்கெற்றுகளைப் போட்டு இடம் பிடித்தேன். நாலு மணி நாடகம் ஐந்தே காலுக்குத் தொடங்கியது. சபையின் விளக்கை அணைக்கிற பெட்டி பூட்டியிருந்தது, திறப்பு வைத்திருந்தவரைக் காணவில்லை. மேடைக்கும் சபைக்கும் ஒரே வெளிச்சம். சுகந்தி அக்காவுக்குப் பெரிய சந்தோசம். “பாத்தியளோ, அந்தக் காலம் மாதிரியே வந்திட்டுது,” என்றார்.

தொடக்கத்தில் நடிகர்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி அறிமுகம் செய்தோம். மில்லிக்கன் குடும்பம் அதற்கும் பிந்தித்தான் வந்தது. இந்தப் பிந்தல்தான் எல்லாக் கூத்துக்கும் காரணம், அதைப் பிறகு சொல்கிறேன்.

நாடகம் நன்றாகப் போனது. பாரிஸ் அண்ணை வாயைத் திறந்தாலே சபை விழுந்து விழுந்து சிரித்தது. கடைசியில் முக்கியமான காட்சி. கதாநாயகன் கலியாணம் கேட்கிறான், கதாநாயகி நிபந்தனை போடுகிறாள். அந்தக் காலத்து நாடகங்களில் இப்படி ஒரு பேரம் வரும் என்று சுகந்தி அக்கா சொல்லியிருந்தார். எழுத்தில் இருந்த நிபந்தனைகள் விசிறி, வண்டி, விருந்து பற்றியவை. ஆனால் அன்று அவர் விசிறியைப் பட்டென்று மூடிவிட்டு, முன் வரிசையில் இருந்த தன் அண்ணனை நேராகப் பார்த்தார்.

“கலியாணம் முடிஞ்சாலும் நான் படிப்பன். விடிய நான் கொப்பியோடை இருந்தா, தேத்தண்ணி எங்கை எண்டு கேக்கக் கூடாது. தண்ணி கொதிக்க வைக்க உங்களுக்கும் கை இருக்கு.”

தேவன் விறைத்துப்போனான். இது எழுத்தில் இல்லை. திரைக்குப் பின்னால் வசனம் எடுத்துக் கொடுப்பவரிடமும் இல்லை. நான் தட்டைப் பார்த்தேன், அதிலும் ஒன்றுமில்லை. நடேசன் அண்ணையின் முகம் வெளிறிவிட்டது.

அப்போது மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

“சம்மதம்!”

மண்டபம் கொல்லென்று சிரித்தது. சுகந்தி அக்கா குரல் வந்த பக்கம் திரும்பினார். வெளிச்சம் இருந்தபடியால் ஆள் நன்றாகத் தெரிந்தார். கண்ணாடி போட்ட, மெலிந்த ஒருவர். யாரென்று அக்காவுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

“ரெண்டாவது. என்னை ‘இஞ்சாரும்’ எண்டு கூப்பிடக் கூடாது. எனக்கு அம்மா அப்பா ஒரு பேர் வைச்சவை.”

“சம்மதம்.”

“மூண்டாவது. உங்கடை அம்மா எங்களோடை இருக்கலாம். ஆனா என்ரை கறிக்கு உப்புக் காணாதெண்டு சொல்லுற உரிமை உங்களுக்கு மட்டும்தான்.”

“சரியாச் சொன்னாய், பிள்ளை!” என்று பின்னாலிருந்து ஒரு அன்ரி கத்தினார். கண்ணாடிக்காரருக்குப் பக்கத்தில் இருந்த அம்மா தலையைத் திருப்பி மகனைப் பார்த்தார். இந்த முறை சம்மதம் கொஞ்சம் சத்தம் குறைந்து வந்தது.

“நாலாவது. நான் கார் ஓடுவன். பக்கத்திலை இருந்துகொண்டு, இல்லாத பிறேக்கைக் காலாலை அமத்தக் கூடாது.”

அவர் யோசித்தார். “அது கஸ்டம். முயற்சி செய்து பாக்கிறன்.”

சுகந்தி அக்காவுக்கு அடக்க முடியவில்லை. விசிறிக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டு, வேசத்தை மறந்து, சுகந்தி அக்காவாகவே சிரித்தார். தேவன் நிம்மதியாக, “அப்ப சரி,” என்றான். திரை விழுந்தது.

இரண்டு நாள் கழித்து மில்லிக்கனிலிருந்து நடேசன் அண்ணைக்கு ரெலிபோன் வந்தது. தாய்க்கும் மகனுக்கும் பெண்ணைப் பிடித்துவிட்டதாம். “தாய் சொல்லுறா, நல்ல அடக்கமான பிள்ளையாம்,” என்று நடேசன் அண்ணை என்னிடம் சொன்னபோது அவருடைய குரலிலேயே கொஞ்சம் குழப்பம் இருந்தது. ஆனால் பிடித்துவிட்டது என்று சொல்பவரிடம் ஏன் என்று யார் கேட்பார்கள்?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர்கள் நடேசன் அண்ணையின் வீட்டுக்கு வந்தார்கள். முறையாகத் தங்கையைக் கேட்டு, அவரும் ‘வரட்டும், கதைச்சுப் பாப்பம்’ என்று சொன்னதற்குப் பிறகு வருகிறார்கள் என்பதுதான் ஏற்பாடு. நாடகத்துக்கு வந்ததை நடேசன் அண்ணை இன்னும் மறைத்துத்தான் வைத்திருந்தார். கதிரை காணாது என்று எங்கள் வீட்டுக் கதிரை இரண்டைக் கொண்டுவரச் சொன்னார். நான் தூக்கிக்கொண்டு உள்ளே போனபோது அந்த அம்மா என்னை உற்றுப் பார்த்தார். எனக்கு மீசை இன்னும் அரும்பவில்லை.

“தம்பி, உமக்குத் தங்கச்சி ஆரும் இருக்கோ?” என்று கேட்டார்.

இல்லை என்றேன். அவர் நம்பாதவர்போலத் தலையாட்டினார். சுகந்தி அக்கா வந்து வணக்கம் சொல்லி எதிரே உட்கார்ந்தார். குகனின் முகம் மலர்ந்தது. தாயின் முகம் சுருங்கியது.

“இவ அண்டைக்கு விசிறியோடை வாயடிச்ச பிள்ளையெல்லே? நாங்கள் பாத்தது மற்றப் பிள்ளையை. நீலச் சீலை கட்டி, தேத்தண்ணித் தட்டோடை, தலை நிமிராமல் நிண்டுதே, அந்தப் பிள்ளை எங்கை?”

அறிமுகத்துக்குப் பிந்தி வந்தவர்களுக்கு யார் சுகந்தி என்று தெரிந்திருக்கவில்லை; மகன் ஒருத்தியை நினைத்திருக்கிறார், தாய் இன்னொருத்தியை. நான் கதிரையைக் கீழே வைக்க மறந்து நின்றேன். நடேசன் அண்ணையின் மனைவி உள்ளே ஓடிப்போய் அடுப்படியில் சிரிக்கிற சத்தம் கேட்டது. கடைசியில், வேறு வழியில்லாமல், நான் சொன்னேன்.

“அது நான்தான், அம்மா. தட்டிலை வசனம் ஒட்டியிருந்தது. அதுதான் தலை நிமிரேல்லை.”

குகன் சிரித்துவிட்டார். சுகந்தி அக்கா சிரிக்கவில்லை. அவருக்குக் கணக்கு விளங்கிவிட்டது. அண்ணனைப் பார்த்தார். அவர் நிலத்தைப் பார்த்தார். பிறகு அக்கா என்னைப் பார்த்தார்.

“உமக்கும் தெரியுமோ, தம்பி?”

ஓம் என்றேன். இத்தனை வருடத்தில் நான் சொன்ன ‘ஓம்’களில் மிகவும் வெட்கப்பட்ட ஓம் அதுதான். கைப்பைக்குள் கடிதத்தோடு அவர் எழும்பிப் போய்விடப் போகிறார், இந்த இடத்தைச் செய்யவே மாட்டார், எங்களோடு கதைக்கவும் மாட்டார் என்று நினைத்தேன். எழும்பத்தான் எழும்பினார். ஆனால் போகவில்லை. அந்த அம்மாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“அம்மா, முறையா இஞ்சை என்னைப் பாக்க முதல்லை வந்திருந்தியள் எண்டால், நானும் நீலச் சீலை கட்டி, தட்டோடை, தலை குனிஞ்சு வந்திருப்பன். உங்களுக்குப் பிடிச்ச பிள்ளை மாதிரி நல்லா நடிச்சிருப்பன். மேடையிலைதான் நான் நடிக்கேல்லை. சொன்னதெல்லாம் உண்மையா என்ரை கேள்வியள்தான். களவா வந்தது பிழை. ஆனா வந்தபடியாலைதான் நீங்கள் என்னைப் பாத்தியள்.”

அந்த அம்மா அவருடைய முகத்தை ஒருமுறை உற்றுப் பார்த்தார். பிறகு என் பக்கம் கையைக் காட்டினார்.

“அப்ப அண்டைக்கு நடிச்சது உவர் மட்டும்தானோ?”

“உவரும் நடிக்கேல்லை, அம்மா. வாசிச்சவர்,” என்றார் சுகந்தி அக்கா.

அப்போதுதான் அந்தக் கண்டிப்பான அம்மா சிரித்தார். உடம்பெல்லாம் குலுங்க, சீலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துத் துடைத்து. சிரித்து முடித்துவிட்டு, “எத்தினை வருசப் படிப்பு, பிள்ளை?” என்று கேட்டார். நாலு என்றதும் “நாலோ!” என்று நெஞ்சில் கை வைத்தார். குகன் உடனே பதில் சொல்ல வாயைத் திறந்தார்.

“யோசிச்சுச் சொல்லுங்கோ. இது நாடகமில்லை,” என்றார் சுகந்தி அக்கா.

குகன் யோசித்துப் புதன்கிழமை ‘சம்மதம்’ சொன்னார். புரட்டாதியில் சுகந்தி அக்கா பல்கலைக்கழகம் போனார். இரண்டாம் வருடம் கலியாணம். பட்டமளிப்புக்கு மாமியார் சரிகைச் சீலை உடுத்து முன்னுக்குப் போய் உட்கார்ந்திருந்தார், அதுவும் அரை மணி நேரம் முந்தியே. உப்பைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை என்றுதான் கேள்வி. பிறேக் விசயத்தில் குகன் இன்னும் முயற்சி செய்துகொண்டிருக்கிறார். யூனியன்வில்லில் அவர்கள் காரில் பின்னால் ஏறினால் நீங்களே பார்க்கலாம்.

எங்கள் குழு இன்னும் இரண்டு நாடகம் போட்டது. பிறகு ஆளுக்கொரு வீடு, ஆளுக்கொரு கராஜ் என்று மில்லிக்கன், மார்க்கம் என்ற புறநகர்களுக்குப் பரவிவிட்டோம். இப்போதும் நாடகங்கள் நடக்கின்றன, நல்ல ஒலிவாங்கி, நல்ல விளக்கு. சபை இருட்டில் பேசாமல் இருக்கும், மேடைக்குப் பதில் சொன்னால் முன்னால் இருப்பவர் திரும்பி முறைப்பார். களவாய்ப் பெண் பார்க்க ஒருவரும் வருவதில்லை, ரெலிபோனில் படம் பார்த்துத் தட்டிவிடுகிறார்கள். வராதவர்கள் போக மிச்சம் வருகிற கூட்டம் சின்னது. ஆண்கள் சீலை கட்டுவதில்லை, அது நல்லதுதான், எனக்கு மீசையும் மிச்சம்.

ஆனால் ஒன்றுக்கு நான் தயாராக இருக்கவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு குகனின் அம்மா என்னை என் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. எந்தக் கலியாண மண்டபமானாலும், எத்தனை பேர் நடுவில் என்றாலும், என்னைக் கண்டால் கையை உயர்த்தி, “என்ரை மூத்த மருமோள் வந்திட்டா!” என்று கத்துவார். தெரியாதவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள், மீசையோடு ஒருவன் அசடு வழிய நிற்பான். என் கலியாணத்திலும் கத்தினார். மணவறையில் இருந்த என் மனைவிக்கு அப்போதுதான் முழுக் கதையும் சொல்லவேண்டி வந்தது. என் தலை நரைத்த பிறகும் அதே கூப்பிடல்தான், அதே சிரிப்புத்தான். போன குளிர்காலத்துக்கு முந்தின குளிர்காலத்தில் அவர் போய்ச் சேர்ந்தார்.

இப்போது மண்டபங்களுக்குள் நான் நுழைந்தால் வாசலில் நிற்கிற பிள்ளைகள் மரியாதையாக, “வாங்கோ அங்கிள்,” என்கிறார்கள். நானும் ஓம் என்று தலையாட்டிவிட்டு, கதிரை பார்த்து உட்காருகிறேன். ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை.